பாஸ்வேர்டு இல்லாத மெயில்

பழைய அலுவலகத்திலிருந்து பிரவீணா கூப்பிட்டிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். என்னோடு நெடுங்காலம் வேலை பார்த்தவள். அவளுடைய மகளே இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

"அக்கா, ஆண்டு மலருக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுக்கோணுமாமுங்க. சந்தோசமா இருக்கோணும், பிரச்சினை எதுவும் வரக்கூடாதுன்னு சொல்லீட்டாங்க."

"சந்தோசமா வேணும்னா அரிசிம்பருப்புச் சாதம் எப்படிச் செய்யறதுன்னு எழுதித் தாரேன்" என்றேன். சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னொண்ணுங்க அக்கா. மெயில்ல பாஸ்வேர்டு திரும்ப வந்துருச்சுங்க" என்றாள்.

போனை வைத்த பிறகும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. நான் அந்த அலுவலகத்தில் செய்த வேலைகளில் எனக்கே பெருமை தந்தது ஒன்றே ஒன்றுதான். அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு என்னிடமே வாழ்த்துக் கட்டுரை கேட்கிறார்கள். சரி, எழுதுகிறேன். சந்தோஷத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

என் பெயர் லூர்து மேரி. எங்கள் குடும்பம் கொடுமுடிப் பக்கம். தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் கூலி வேலை. அப்பா கோவைக்கு வந்து மில்லில் சேர்ந்தார். நான் கன்னியாஸ்திரிகள் நடத்திய கல்லூரியில் கணிதம் படித்தேன். ஒரு பஞ்சாலையின் கணினி அறையில் சம்பளப் பட்டியல் அச்சடித்துப் பழகி, அங்கேயே சர்வர் பார்க்கக் கற்றுக்கொண்டு, பிறகு பீளமேட்டுப் பக்கம் இருந்த இந்தக் கம்பெனியில் சேர்ந்து, தலை நரைக்கும் வரை அங்கேயே இருந்தேன். படித்த கதை இவ்வளவுதான்.

எங்கள் தொழிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய சர்வர் ஒன்றை வாங்கி, அதற்குள் மென்பொருளால் தடுப்புப் போட்டுப் பல சின்னக் கணினிகளாகப் பிரித்து வாடகைக்கு விடுவோம். அதற்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். ஒரே கட்டடத்தில் தனித்தனி வீடுகள் கட்டிக் குடிவைப்பது மாதிரி. மில்காரர்கள், பம்பு செய்பவர்கள், பனியன் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் தங்கள் கணக்கையும் வரைபடங்களையும் அதில் வைத்துக்கொள்வார்கள். வீடு என்றால் சாவி வேண்டுமல்லவா? பாஸ்வேர்டுதான் சாவி.

அந்தச் சாவியை எப்படிக் கொடுத்தோம் என்பதுதான் விஷயம். புது மெஷின் தயாரானதும் கணினியே ஒரு மெயிலை அனுப்பிவிடும். மனிதர் கை படாது. மாதிரி மெயில் ஒன்று முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். அதில் அடைப்புக்குறிகளுக்குள் வெற்றிடங்கள் இருக்கும். மெஷின் பெயர், முகவரி எண், பயனர் பெயர் ஆகியவற்றை அது தானாக நிரப்பும். கடைசி வரியில் பாஸ்வேர்டையும் பச்சையாக நிரப்பும். எல்லாம் ஒரே மெயிலில். வீட்டு விலாசத்தை எழுதிய தாளிலேயே சாவியையும் ஒட்டிப் போஸ்ட் செய்தோம். மெயிலைத் திறந்தவர் யாரோ, அவர் வீட்டுக்குள் போகலாம்.

எங்கள் பக்கத்துத் தொழில் வீடுகளில் மெயில் என்றால் குடும்பத்துக்கே ஒன்று. அப்பா பெயரிலோ குலதெய்வத்தின் பெயரிலோ ஒரு மெயில் இருக்கும். அண்ணன், தம்பி, மாப்பிள்ளை, கணக்கெழுதுகிறவர் எல்லாரும் அதையே திறப்பார்கள். அதன் பாஸ்வேர்டு ஆபீஸ் காலண்டரின் ஓரத்தில் எழுதியிருக்கும். இந்த ஊரில் பாஸ்வேர்டை மெயிலில் அனுப்புவதும், பேருந்து நிலையத்தில் நின்று உரக்கப் படிப்பதும் ஒன்றுதான். இதை நான் எங்கள் மேலாளர் நடராஜனிடம் பலமுறை சொன்னேன்.

நடராஜன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர். கூப்பிட்டால் உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார். அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. எந்த மெயிலுக்கும் எழுதிப் பதில் போடமாட்டார். நாம் அனுப்பியதைப் படித்துவிட்டு, தானே எழுந்து நம் மேஜைக்கு நடந்து வந்து, வாயால் பதில் சொல்வார். என்ன அடக்கமான மனிதர் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் புல்லரித்துப் போவார்கள். நாளைக்கு ஏதாவது தப்பானால் அவர் சொன்னதற்கு ஒரு சாட்சியும் இருக்காது என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது.

பாஸ்வேர்டு வரியை எடுத்துவிடலாம் என்று நான் எழுதும்போதெல்லாம் நடந்து வந்தார். "நீங்க சொல்றது ரொம்பச் சரீங்க மேரி. ஆகட்டுமுங்க, பாக்கலாம். கஸ்டமருக்குச் சிரமமில்லாம இருக்கோணுமல்லங்க?" என்பார். அப்படியே திரும்பிப் போவார். அவர் 'ஆகட்டும்' என்றால் ஆகாது என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் காலை மரகதம் வந்தாள்.

கணபதிப் பக்கம் அவளுக்கு ஒரு பட்டறை. பம்பு வார்ப்பதற்கு வேண்டிய அச்சுகளைச் செய்து கொடுக்கும் வேலை. அவள் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திய தொழில் அது. அப்பா இறந்த பிறகு பாகம் பிரிந்தபோது வார்ப்பு ஆலை சித்தப்பாவுக்கும் அச்சுப் பட்டறை இவளுக்கும் வந்தது. பொம்பளைப் பிள்ளையால் என்ன நடத்திவிட முடியும் என்றுதான் அதைக் கொடுத்தார்கள். அவள் நடத்திக் காட்டினாள். வெளியூர்ப் பம்பு கம்பெனி ஒன்று தன் புது மாடலுக்கான வரைபடங்களை அவளை நம்பிக் கொடுத்தது. அவை வெளியே போகக் கூடாது என்று ஒப்பந்தமும் போட்டிருந்தது. அவற்றைப் பத்திரமாக வைக்கத்தான் எங்களிடம் ஒரு மெஷின் எடுத்தாள். ஹார்டு டிஸ்கைக் கொடுத்து, அதிலிருப்பதை ஏற்றித் தரச் சொல்லியிருந்தாள். ஏற்றினோம். மெயிலும் போயிற்று.

"ஏனுங்க அக்கா, எனக்கு மெயிலே வரலீங்க. கேட்டா வந்துரும் வந்துரும்ங்கறாங்க. ஆனா எங்க சித்தப்பாவிய என்னோட டிராயிங்க வெச்சே பம்பு கம்பெனிக்கு வெல குறைச்சுக் கொட்டேசன் குடுத்திருக்காங்க. கம்பெனிக்காரங்க நாந்தான் வித்துப்போட்டேன்னு நெனைக்கறாங்க அக்கா" என்றாள்.

அழவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்த ஆர்டர் போனால் பட்டறை போய்விடும். அதோடு, வரைபடத்தை விற்றவள் என்ற பெயரோடு கோயமுத்தூரில் அவளுக்கு வேறு யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள்.

அவளை உட்காரவைத்துவிட்டு முதலில் அந்த மெஷினின் பாஸ்வேர்டை மாற்றினேன். பிறகு மெயில் போன பதிவைத் திறந்தேன். அவள் விண்ணப்பத்தில் தன் சொந்த மெயிலைத் தெளிவாக எழுதியிருந்தாள். மெயிலோ குடும்பத்தின் பழைய மெயிலுக்குப் போயிருந்தது. அங்கே போன கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவின் ஆலையிலிருந்து ஒருவர் மெஷினுக்குள் நுழைந்திருந்தார். முதல் வேலையாக வரைபடங்களை நகல் எடுத்திருந்தார். அடுத்ததாகப் பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்.

எங்கள் விற்பனைப் பிரிவு சரவணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். புதுக் கணக்கு தொடங்காமல் அவள் அப்பா காலத்துக் கணக்குக்குக் கீழேயே மெஷினைச் சேர்த்திருந்தான். கணக்கில் எந்த மெயில் இருக்கிறதோ அதற்குத்தான் கணினி அனுப்பும்.

"அதே ஊடுதானுங்களே மேடம்? தனிக் கணக்குப் போட்டா, உங்க ஊடு பிரிஞ்சுபோச்சுன்னு நாமளே சொல்ற மாதிரி ஆயிருமுங்க. மருவாதையா இருக்காதுங்களே" என்றான்.

அவனை மட்டும் திட்டிப் பயனில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டு நின்றாலும் கல்யாணப் பந்தியில் ஒரே வரிசையில் உட்காருவார்கள். பிரிந்த வீட்டைப் பிரிந்த வீடு என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டோம். அந்த மரியாதையைக் காப்பாற்றத்தான் அந்தப் பெண்ணின் சாவியைப் பங்காளியின் கையில் கொடுத்திருந்தோம்.

அதற்குள் சரவணன் மூலம் விஷயம் மேலே போயிருந்தது. மதியம் நடராஜன் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே மரகதத்தின் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் காப்பி டம்ளர். அவருடைய மெஷின்கள் எங்களிடம் நிறைய ஓடின. மேஜையில் ஓர் அறிக்கை டைப் அடித்துத் தயாராக இருந்தது. வாடிக்கையாளர் தன் மெயிலைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளாததால் நேர்ந்த இழப்புக்கு எங்கள் கம்பெனி பொறுப்பல்ல என்று அதில் எழுதியிருந்தது. கீழே என் பெயரும் பதவியும் இருந்தன. பம்பு கம்பெனி கேட்டால் அதைத்தான் கொடுப்பார்களாம்.

நான் படித்து முடிப்பதற்குள் சித்தப்பா பேச்சுக் கொடுத்தார்.

"அம்மணிக்கு எந்தூருங்க?"

"கொடுமுடிப் பக்கமுங்க."

"அடடே, நம்மளுக்குச் சொந்தக்காரங்க நெறையப் பேரு இருக்கறாங்களே அங்க. ஊருக்குள்ள எந்தப் பக்கமுங்க? யாரூட்டுப் புள்ளைங்க?"

இந்தக் கேள்வி எதற்கென்று எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். "ஊருக்குள்ள இல்லீங்க. காலனீங்க. சர்ச்சுக்குப் பக்கத்துல" என்றேன்.

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படியா. சரி. சார் சொல்றதக் கேட்டு நடந்துக்கம்மா" என்றார். அதுவரை வார்த்தைக்கு வார்த்தை வந்துகொண்டிருந்த 'ங்க' அத்தோடு நின்றது. அதை எதிர்பார்த்துத்தான் நானும் பதில் சொன்னேன். என் தாத்தா இதற்குத் தலையைக் குனிந்திருப்பார். குனியாமல் அவரால் அங்கே பிழைத்திருக்க முடியாது. எனக்கு அந்த அவசியம் இல்லை. இன்னும் சொல்லப்போனால், அந்தச் சித்தப்பாவின் மெஷின்கள் அத்தனையின் தலைமைச் சாவியும் அன்றைக்கு என் பொறுப்பில்தான் இருந்தது.

"நான் நடந்துக்கறது இருக்கட்டுமுங்க. அந்தப் புள்ள மிசினுக்குள்ள உங்க ஆலையிலிருந்து போனது யாருங்க?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "எங்க அண்ணன் வெச்ச மெயிலு. அதுக்கு வந்துச்சு, தொறந்தோம். நாங்களா போயித் திருடுனோம்? அனுப்புனது நீங்க."

"ஆமாங்க. அனுப்புனது நாங்க. அதையேதான் எழுதப்போறேன்" என்று அந்த அறிக்கையைத் திருப்பி வைத்தேன்.

அவர் போன பிறகு நடராஜன் சார் கதவைச் சாத்தினார். அப்போதும் குரல் உயரவில்லை. "ஏனுங்க மேரி, நீங்க கையெழுத்துப் போட்டா கம்பெனியே போட்ட மாதிரியாச்சுங்களே. யோசிச்சுக்கோங்க" என்றார்.

"அதுக்குத்தானுங்க சார் போடறேன். கம்பெனி செஞ்ச தப்புன்னா கம்பெனிதான போடோணும்?"

அவர் காப்பி சொல்லவில்லை. அவரிடம் நான் பார்த்த ஒரே கோபம் அதுதான்.

என் மேஜைக்கு வந்து நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவள் கொடுத்த மெயில் எது, நாங்கள் அனுப்பிய மெயில் எது, யார் எங்கிருந்து முதலில் நுழைந்தார்கள், அவள் அதுவரை ஒருமுறைகூட உள்ளே போகவில்லை என்பது எல்லாம். மெயிலில் பாஸ்வேர்டு அனுப்பும் எங்கள் முறையே தவறு என்று ஒரு வரியும் சேர்த்தேன். கையெழுத்துப் போட்டு மரகதத்தின் கையில் கொடுத்தேன். அவள் அதை நின்றபடியே படித்தாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆயிராதுங்களா அக்கா?" என்று கேட்டாள். ஆகும் என்றேன். எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

அன்று பிற்பகலே மாதிரி மெயிலைத் திறந்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு என் வாய் ஓய்ந்த பிறகுதான் கையை வைத்தேன்.

பெறுநர் இடத்தில் கணக்கின் மெயிலை எடுத்துவிட்டு, விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவரின் மெயிலைப் போட்டேன். தலைப்பில் மெஷின் பெயர் வராதபடி செய்தேன். பாஸ்வேர்டு வரியை அழித்தேன். அதற்குப் பதில் ஒரே ஒரு முறை மட்டும் திறக்கும் இணைப்பு ஒன்றை வைத்தேன். அதுவும், எங்களில் ஒருவர் விண்ணப்பித்தவரைப் போனில் கூப்பிட்டு, அவர்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே திறக்கும். முதல் தடவை உள்ளே போனதும் சொந்தப் பாஸ்வேர்டு வைத்துக்கொண்டாக வேண்டும். வைக்காவிட்டால் மெஷின் அடுத்த அடி எடுத்துவைக்காது.

பழைய மெயில் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. நான் மேலே தமிழில் எழுதினேன்: 'இந்த மெயிலில் பாஸ்வேர்டு இல்லை. எந்த மெயிலிலும் அனுப்ப மாட்டோம். எங்கள் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சொந்தக்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். புரியவில்லை என்றால் கூப்பிடுங்கள். கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை.' சோதனைக்கு எனக்கும் பிரவீணாவுக்கும் அனுப்பிப் பார்த்தேன். தமிழெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துக் குறியீட்டைச் சரிசெய்து மறுபடி அனுப்பினேன். பக்கத்து மேஜையிலிருந்த பிரவீணா வாய்விட்டுப் படித்தாள். சொந்தக்காரர் வரி வந்ததும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சிரிக்கவில்லை. மெயில் முழுவதையும் அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதினேன்.

அப்புறம் பூகம்பம்தான். வாடிக்கையாளர் கம்பெனிகளின் முதலாளிகள் போனில் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள். "முந்தியெல்லாம் ஆபீஸ்காரப் புள்ளயே பாத்துக்குவா, இப்ப என்னைய எதுக்குங்க கூப்படறீங்க?" என்று கேட்டார்கள். சித்தப்பா தன் மெஷின்களையெல்லாம் வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டார். அனுமதியில்லாமல் மாதிரி மெயிலைத் திருத்தியதற்கும், கம்பெனி நலனுக்கு எதிராக அறிக்கை கொடுத்ததற்கும் எனக்கு மெமோ வந்தது. இத்தனை வருடத்தில் நடராஜன் சார் எனக்கு எழுத்தில் கொடுத்த ஒரே பதில் அதுதான். பதவி உயர்வு நின்றது. கடைசி வரை அதே நாற்காலிதான்.

மெமோவை ராஜவீதியில் கொடுத்துக் கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, வீட்டில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டினேன். பங்குச்சாமியார் வீடு மந்திரிக்க வந்தபோது அதன் மீதும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொஞ்ச காலம் கழித்து, எங்களிடம் மெஷின் எடுக்க நினைத்த ஒரு வங்கியிலிருந்து தணிக்கைக்கு வந்தார்கள். பாஸ்வேர்டை எப்படி அனுப்புகிறீர்கள் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. நடராஜன் சார் என் மெயிலைத் திரையில் போட்டுக் காட்டி, "நாங்க எப்பவோ மாத்திப்போட்டமுங்க" என்றார். பின்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அதன் பிறகு அந்த மெயிலில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மெமோவையும் யாரும் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

பம்பு கம்பெனி என் கடிதத்தைப் படித்துவிட்டு மரகதத்தோடேயே தொடர்ந்தது. இன்றைக்கும் அவள்தான் அவர்களுக்கு அச்சு செய்து கொடுக்கிறாள்.

இப்போது கம்பெனி கை மாறிவிட்டது. புது நிர்வாகம் மாதிரி மெயிலை அழகுபடுத்தியிருக்கிறதாம். மேலே பூச்செண்டுப் படம், 'எங்கள் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம்' என்று ஒரு வரி, வாடிக்கையாளருக்குச் சிரமம் வேண்டாம் என்று கடைசியில் பழையபடி பாஸ்வேர்டு. தமிழ் வரிகளை எடுத்துவிட்டார்கள். குடும்பம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மரகதத்தின் சித்தப்பா ஞாபகம்தான் வந்தது.

போன வாரம் மரகதமே கூப்பிட்டாள். பட்டறையைப் பெரிதாக்குகிறாள், இன்னொரு மெஷின் எடுத்திருக்கிறாள். "அக்கா, மறுபடியும் அனுப்பிச்சுட்டாங்க அக்கா. பூப்படம் போட்டு அனுப்பிச்சிருக்காங்க. இந்த மிசின அழிச்சுப்போட்டு, மெயில்ல பாஸ்வேர்டு இல்லாம வேற குடுங்க, இல்லீன்னா என்னோட கணக்க முடிச்சுக்குங்கன்னு எழுதிப்போட்டேன்" என்றாள். அவள் குரலில் இருந்த அதிகாரத்தைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். மலர்க்குழு கேட்ட சந்தோஷம் இந்தக் கட்டுரையில் இவ்வளவுதான் தேறும்.

அன்றைக்கு நான் செய்தது சரியா என்று ஓய்வுபெற்ற நாளில் ஒருவர் பூடகமாகக் கேட்டார். கொஞ்சம் பொறுமையாக, மேலிடத்தை அனுசரித்துப் போயிருக்கலாமோ என்றார். பொறுமையாக எழுதிய மெயில்களுக்கெல்லாம் என் மேஜை வரை நடந்து வந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒரு பெண்ணின் பிழைப்பு போகப்போன பிறகும் என்னையே பொய்க்குக் கையெழுத்துக் கேட்டார்கள். நாளைக்கே என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தாலும் அதே வரியைத்தான் அழிப்பேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பிரவீணா மறுபடி கூப்பிட்டாள். கட்டுரை முடிந்ததா என்று கேட்கத்தான் என்று நினைத்தேன்.

"அக்கா, மரகதம் எழுதுனதப் பாத்தேனுங்க. அந்த வரிய எடுத்துப்போட்டேன். நீங்க எழுதுன தமிழயும் பழையபடி போட்டுட்டேனுங்க."

"பெர்மிசன் கேட்டயா கண்ணு?"

"இல்லீங்க."

"என்ன சொல்றாங்க?"

"மெமோ வந்துருச்சுங்க அக்கா. கையிலதான் வெச்சிருக்கறேன்."

மெமோ வாங்கியவள் கொண்டுபோய்க் கொடுக்கும் இந்தக் கட்டுரையை மலரில் போடமாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. ராஜவீதியில் சட்டம் அடிக்கிற கடைக்காரரின் நம்பரைத் தேடி எடுத்து அவளுக்கு அனுப்பிவைத்தேன்.